பெரிய எழுத்துக்கு இன்னொரு கை

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிய ஆட்களோடு ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரம். ஒரு வளைவில் எதிரே லாரி ஏறி வந்தது. டிரைவர் ஓரம் கட்டினார். மழையில் ஊறியிருந்த ஓரம் சரிந்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு காயத்தோடு எழுந்து நின்றார்கள். நான் எழவில்லை. வலியும் தெரியவில்லை. புல்லில் மல்லாந்து கிடந்தபடி, யாருடைய கை என் நெஞ்சின் மேல் கிடக்கிறது, எடுங்கள் என்றேன். உன் கைதான் என்றார்கள்.

மதுரையில் ஆஸ்பத்திரியில் என் மண்டையின் இரண்டு பக்கமும் துளை போட்டு, இரும்புக் கவ்வி மாட்டி, தலைமாட்டில் கயிறு கட்டி எடையைத் தொங்கவிட்டார்கள். நொறுங்கிய கழுத்தெலும்பு கூடும்வரை அப்படியே கிடக்க வேண்டும். என்னைப்போல் கழுத்து முறிந்து வந்தவர்கள் சிலர் அந்த வார்டில் இருந்தார்கள். தலையைத் திருப்ப முடியாததால் அவர்களை நான் பார்த்ததே இல்லை. இருமலை வைத்துத்தான் இன்னார் என்று தெரியும். ஒரு நாள் ஓர் இருமல் நின்றிருக்கும். யாரையும் கேட்க மாட்டேன்.

கவ்வியைக் கழற்றியபோது எனக்கு மிஞ்சியது வலது தோளும் முழங்கையும்தான். முழங்கையை மடக்க முடியும். நீட்ட வேண்டுமென்றால் தோளைச் சாய்த்துக் கையை விழவிட வேண்டும். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. இடது கை எப்போதும் மடியில் கிடக்கும். நெஞ்சுக்குக் கீழே இருப்பது என்னோடு கூடவே வரும் ஒரு மூட்டை. டாக்டர் என் மனைவியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அவள் திரும்பி வந்து என் கட்டிலருகே நின்றாள். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு சொன்னாக."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் வேறென்ன சொன்னார் என்பதை அவள் கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

போடியில் எங்கள் வீடு அவளுடைய அண்ணன் பட்டறைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. அவர் சைக்கிளும் ஜீப்பும் பழுது பார்ப்பவர். முன்னால் சுத்தியல் சத்தம், பின்னால் நான். மனைவி என்னை வேளைக்கொரு தரம் புரட்டிப் போடுவாள். புரட்டுவது தவறிய நாட்களில் முதுகுக்குக் கீழே தோல் கறுத்து, பிறகு உடைந்து குழியாகும். எனக்கு அது தெரியாது; வாடைதான் சொல்லும். அவள் குழியைக் கழுவி மருந்துத் துணி வைக்கும்போது பேசிக்கொண்டே இருப்பாள். ஊரில் யார் வீட்டில் கல்யாணம், குரங்கணிப் பக்கம் யானை இறங்கியது, இப்படி. பேச்சு நின்றால் புண் பெரிதாகியிருக்கிறது என்று அர்த்தம்.

பகலில் அவள் ஏலக்காய் வியாபாரி பாய் ஒருவரின் கடைக்குக் காய் பொறுக்கப் போவாள். ஏலக்காயைத் தட்டில் கொட்டி, பெரியது சிறியது வெடித்தது என்று பிரிக்கிற வேலை. அந்தப் பாய் என்னைத் தோட்டத்து ஆபீசிலிருந்தே அறிந்தவர். ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தார். முக்காலியில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல், "வடக்க வாங்குறவகளுக்கு இங்கிலீசுல எழுதத்தான் தம்பி ஆளில்லாம முழிக்கிறேன்" என்றார். ஏதோ பேச வேண்டுமே என்று சொன்ன பேச்சு அது. என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஷின் ஒண்ணு குடுங்க மொதலாளி. இவுக அடிப்பாக."

பாய் என் கைகளைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் போனதும், "ஏன் புள்ள இப்படி மானத்த வாங்குற?" என்று கத்தினேன். கத்துவதற்கு வேண்டிய மூச்சுகூட அப்போது என்னிடம் இல்லை. பாதியில் இருமல் வந்துவிட்டது. அவள் என் நெஞ்சைப் பிடித்து அமுக்கிச் சளியை வெளியே கொண்டுவந்தாள். அப்படி அமுக்கினால்தான் எனக்குச் சளி வரும்.

"குடுத்தா அடிங்க. இல்லாட்டி சும்மா கெடங்க" என்றாள்.

அடுத்த வாரமே பாய் பழைய டைப்ரைட்டர் ஒன்றை ஆள் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அவள் ஒரு பென்சிலைத் தலைகீழாக, ரப்பர் பக்கம் கீழே வரும்படி என் உள்ளங்கையில் வைத்து, சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டினாள். தலையணைகளை அண்டக் கொடுத்து என்னை உட்காரவைத்து, மிஷினை ஒரு பலகை மேல் வைத்தாள். தோளைச் சாய்த்துக் கையை விழவிட்டேன். பென்சில் இரண்டு எழுத்துக்கு நடுவில் விழுந்தது. இரண்டு கம்பிகளும் ஒன்றாக எழும்பி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நின்றன. அவள் பிரித்துவிட்டாள். மறுபடி விழவிட்டேன். மறுபடி சிக்கியது. அந்த மிஷினில் எழுத்து காகிதத்தில் பதிய வேண்டுமென்றால் ஓங்கிக் குத்த வேண்டும். ஓங்கினால் குறி தவறும். குறி பார்த்து மெதுவாக வைத்தால் எழுத்து விழாது. அன்று மாலைவரை ஒரு வார்த்தை தேறவில்லை. அழுதேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். என் கண்ணீரைத் துடைக்கக்கூட அவள்தான் வர வேண்டும் என்பதால் அப்போதெல்லாம் அழுகையை அடக்கவே முயல்வேன்.

மச்சான் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் ஜீப்பின் பழைய தகரத் துண்டு ஒன்றை எடுத்துவந்து மிஷின் மேல் வைத்து ஆணியால் கோடு கிழித்தார். சாயங்காலம் அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் நேராக ஒரு துளை இருந்தது. தகரத்தை எழுத்துகளுக்கு மேலே சற்று உயரத்தில் திருகி மாட்டினார். இனிமேல் பென்சில் எங்கே விழுந்தாலும் தகரத்தில் உரசி நகர்த்தித் துளைக்குள் இறக்கலாம். பக்கத்து எழுத்தில் படாது.

"மாப்ளே, இப்ப குத்துங்க" என்றார்.

குத்தினேன். ஒற்றை எழுத்து விழுந்தது. தெளிவாக.

ஆனால் ஆங்கிலக் கடிதம் சின்ன எழுத்துகளால் மட்டும் ஆவதில்லை. பேருக்கு, ஊருக்கு, வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் பெரிய எழுத்து வேண்டும். பெரிய எழுத்துக்கு ஒரு கை ஷிப்டை அமுக்கிப் பிடித்திருக்க, இன்னொரு கை எழுத்தைத் தட்ட வேண்டும். டைப்ரைட்டரைச் செய்தவனுக்கு எல்லாருக்கும் இரண்டு கை இருக்கும் என்பதில் சந்தேகமே வந்திருக்காது. ஷிப்டைப் பூட்டிவைக்கிற கட்டை ஒன்று அதில் உண்டுதான். எங்களுடைய மிஷினில் அது தேய்ந்து, பூட்டினால் நிற்காமல் துள்ளிவிடும். அதனால் மனைவி கடையிலிருந்து வந்த பிறகு சாயங்காலங்களில் என் இடப்பக்கம் உட்காருவாள். நான் "பெருசு" என்பேன். அவள் ஷிப்டை அமுக்குவாள். நான் குத்துவேன். "விடு" என்பேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. கொஞ்ச நாளில் முற்றுப்புள்ளி விழுந்ததும் நான் சொல்லாமலே அவள் விரல் ஷிப்டுக்குப் போய்விடும். அந்த விரலில் ஏலக்காய் வாசனை எப்போதும் இருக்கும். சில சமயம் நாள் முழுக்கக் குனிந்து காய் பொறுக்கிய அலுப்பில் ஷிப்டை அமுக்கியபடியே தூங்கிவிடுவாள். வரி முழுவதும் பெரிய எழுத்தாக விழுந்திருக்கும். காகிதத்தை உருவி எறிந்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். நான் கோபித்துக்கொள்வேன், அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

பாய் கடையோடு இன்னும் சில கடைகளின் கடிதங்களும் வர ஆரம்பித்தன. சாயங்காலத்தில் மட்டும் அடித்து முடிக்க முடியவில்லை. இதற்கும் மச்சான்தான் வழி செய்தார். சைக்கிளின் பிரேக் பிடியையும் கம்பியையும் கழற்றி, பிடியை என் முகவாய்க்கு எதிரே ஒரு கட்டையில் பொருத்தி, கம்பியின் மறுமுனையை ஷிப்டில் கட்டினார். முகவாயால் பிடியை அழுத்தினால் ஷிப்ட் இறங்கும். கையால் எழுத்தைக் குத்தலாம். பழகும்வரை முகவாயில் தோல் உரிந்தது. பழகிவிட்டது.

மனைவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு இனிமே இங்க சோலி இல்ல" என்று சிரித்தாள்.

"சோறு ஊட்டுறதுக்கு மச்சான் ஒரு மிஷின் செய்யட்டும், அப்புறம் நீ கெளம்பிரலாம்" என்றேன்.

மூவரும் சிரித்தோம். அந்த அறையில் அப்படிச் சிரித்தது அபூர்வம்.

சாயங்காலத்துக்கு அவள் தேவையில்லை என்று ஆனபிறகு அவள் கடை வேலையை விட்டுவிட்டு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகத் தொடங்கினாள். மலைக்கூலி கூடுதல். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே ஜீப்பு வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். இருட்டுகிற நேரத்தில் கொண்டுவந்து இறக்கும். போகும் முன் என்னைத் துடைத்து, உட்காரவைத்து, மிஷினை முன்னால் இழுத்துவைத்துவிட்டுப் போவாள். நடுப்பகலில் மச்சான் மனைவி வந்து காகிதம் மாற்றித் தண்ணீர் கொடுப்பார். நான் வேகமாக அடித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு கடிதத்துக்கு ஒரு பொழுது போய்விடும். ஆனால் என் அடியில் பிழை இருக்காது என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அப்படிச் சில வருடங்கள் போயின. என் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஓர் ஆனி மாதத்தில் மலையில் காற்றும் மழையுமாக அடித்தது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டி விட்டுவைத்திருக்கும் பெரிய மரங்களின் கிளைகள் அந்தக் காற்றில் ஒடியும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்துதான் போவார்கள். அன்று ஜீப்பு வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்ட சத்தம் கேட்டது. மழை என்று சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். முன்னால் பட்டறையில் சுத்தியல் நின்றது. யாரும் பின்பக்கம் வரவில்லை. "மச்சான்" என்று கூப்பிட்டேன். எழுந்து போய்ப் பார்க்க முடியாத ஒருவனுக்கு அந்தச் சில நிமிடங்கள் எப்படி என்று எழுதத் தெரியவில்லை. பிறகு மச்சான் வந்தார். ஈரத் துண்டை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டே நின்றார்.

"கெளை விழுந்துருச்சு மாப்ளே" என்றார். "தலையில."

அவளை மச்சான் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அருகில் வைத்தார்கள். தலையில் துணி சுற்றியிருந்தது. வாய்க்கரிசி போடும்போது என் உள்ளங்கையில் அரிசியை வைத்தார்கள். விரல்கள் மடங்காததால் அது வழிந்து அவள் கழுத்தில் விழுந்தது. மச்சான் மறுபடி அள்ளி என் கையில் வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்து அவள் உதட்டருகே கொண்டுபோய்ச் சாய்த்தார். அப்போதும் பாதிதான் உள்ளே போயிற்று. சுடுகாட்டுக்கு என்னைக் கூட்டிப்போகவில்லை. மழை விடவில்லை.

அதற்குப் பின் என்னைப் புரட்டிப்போடும் வேலை மச்சானுடையதாயிற்று. தங்கையைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. நானும் பேசவில்லை. புரட்டுவார், கழுவுவார், போவார்.

எண்பதுகளின் கடைசியில் பாய் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஊரில் அதைப் பார்க்கவே ஆட்கள் போனார்கள். அதை இயக்கியவள் பாயின் மகள். மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதுவரை, அத்தா என்று அவள் கூப்பிடும் பாய்க்கு உதவியாகக் கடையில் உட்கார்ந்தாள். சிறுமியாக இருந்தபோது கடிதம் வாங்க ஆட்களோடு எங்கள் அறைக்கு வந்திருக்கிறாள்.

"இனி லெட்டரெல்லாம் இதுலதான்ணே. ஒங்களுக்கும் லேசு. தொட்டாப் போதும், குத்த வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாள்.

மச்சான் என்னைச் சக்கரம் வைத்த நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். அவள் சொன்னது நிஜம். தொட்டாலே எழுத்து விழுந்தது. ஆனால் தொட்டதிலிருந்து என்னால் கையை உடனே எடுக்க முடியவில்லை. எடுப்பதற்குத் தோளைத் தூக்க வேண்டும். அதற்குள் திரையில் அதே எழுத்து வரி நிறைய ஓடியது. போகிற வழியில் பென்சில் உரசிய எழுத்துகளும் விழுந்தன. ஷிப்டைப் பிடித்திருக்க வழியில்லை. போதாததற்கு, அடித்ததைச் சேமித்து வைக்கவும் அழிக்கவும் இன்னொரு கட்டையையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டுமாம். ஷிப்டாவது பேருக்கும் ஊருக்கும்தான். இதில் எதற்கெடுத்தாலும் இரண்டு கை.

மச்சான் விசைப்பலகையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "இதுல ரெண்டு துளை போட்டா பிரேக்கு கம்பிய மாட்டிரலாம்."

"ஐயோ அண்ணே, துளை போட்டீகன்னா அத்தா என்னையப் போட்டுருவாக" என்று அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கென்று இருந்த ஒரு வேலையும் போகப்போகிறது என்பது தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் என்னை விடவில்லை. இன்னும் கொஞ்சம் தட்டச் சொல்லி, எழுத்து ஓடுவதையும் என் தோள் எழும்புவதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டையும் சேத்து அமுக்கணும்னு மிஷினுக்கு ஒண்ணும் கட்டாயமில்லண்ணே" என்றாள். "கட்டை கீழ போச்சு, மேல வந்துச்சுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். நடுவுல ஒரு புரோகிராம் ஒக்காந்து, ஷிப்டு இன்னும் கீழதான் இருக்குன்னு அதுகிட்டப் பொய் சொன்னாப் போதும்."

எனக்குப் புரியவில்லை. அவளும் சட்டென்று செய்துவிடவில்லை. கூப்பிட்டனுப்புவாள், போவேன். மிஷின் உறைந்து நிற்கும். இன்னொரு தடவை ஷிப்ட் ஒட்டிக்கொண்டு கடிதம் முழுவதும் பெரிய எழுத்தாக வந்தது. அன்று நான் திரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். தோள் வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கடைசியில் ஒரு நாள் பிற்பகல், "ஷிப்ட தட்டிட்டுக் கைய எடுத்துருங்கண்ணே. வெரசா வேணாம், மெதுவாவே" என்றாள். தட்டினேன். 'கீச்' என்று சின்னச் சத்தம் வந்தது. கையைத் தூக்கினேன். மூச்சு வாங்கிக்கொண்டேன். பிறகு ஊர்ப் பேரின் முதல் எழுத்தைத் தொட்டேன். பெரிய எழுத்து விழுந்தது. அடுத்தது தானாகவே சின்ன எழுத்து. கையை அழுத்தியபடி வைத்திருந்தாலும் எழுத்து ஓடவில்லை, ஒன்றே நின்றது. உரசியது எதுவும் விழவில்லை; கொஞ்ச நேரம் அமுங்கினால்தான் மிஷின் அதை எழுத்தாகக் கணக்கில் எடுத்தது. போடிநாயக்கனூர் என்று ஆங்கிலத்தில் முழுதாக அடித்தேன். என் இடப்பக்கம் யாரும் இல்லை. முகவாயில் எதுவும் இடிக்கவில்லை.

பாயின் மகள் கைதட்டினாள். நான் நன்றாக இருக்கிறது என்றேன். அவள் எதிர்பார்த்தது அதைவிட அதிகம் என்று தெரிந்தது. இவ்வளவு லேசாக ஆகிற காரியத்துக்கு ஒருத்தி எத்தனை சாயங்காலம் பசியோடு உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

சில மாதங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் அடித்தேன். முன்னால் ஒரு பொழுது எடுத்த கடிதம் இப்போது பாதிப் பொழுதில் முடிந்தது. அதற்குள் ஏலக்காய்த் தூசி மிஷினுக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, பாய் மாடியில் கண்ணாடி அடைத்துக் குளிர்பதனம் வைத்த அறை ஒன்றைக் கட்டினார். கம்ப்யூட்டர் மேலே போயிற்று. படிக்கட்டு குறுகல், நாற்காலி திரும்பாது. மூட்டை தூக்குகிற ஆட்களில் ஒருவர், "அண்ணன நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார். ஏலக்காய் மூட்டையைப் போலவே என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார். என் தலை அவர் முதுகில் தொங்கும். கீழே தரம் பிரிக்கிற பெண்கள் பார்க்காததுபோல் குனிந்துகொள்வார்கள்.

எனக்கு மூத்திரம் போவது தெரியாது. குழாய் வைத்துப் பை கட்டியிருப்பார்கள். ஒரு நாள் படியேறும்போது குழாய் கழன்று, அவர் தோளிலும் சட்டையிலும் இறங்கியது. அவர் நிற்கவில்லை. மேலே கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்து, தலைத்துண்டை அவிழ்த்து முதலில் என்னைத் துடைத்தார், பிறகு தன்னை.

"மழையில நனையாததா? விடுங்கண்ணே" என்றார்.

அவர் முகம் சுளித்திருந்தால் ஒருவேளை மறுநாளும் போயிருப்பேன்.

அதன்பின் நான் போகவில்லை. ஆள் வந்து கூப்பிட்டபோது காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். பிறகு கூப்பிடுவது நின்றது. மற்றக் கடைகளும் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டன. டைப்ரைட்டரில் அடித்த கடிதத்தை யாரும் கேட்கவில்லை. மச்சான் வெளியே போகும்போது பட்டறைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்காக என்னை முன்பக்கம் தள்ளிவைப்பார். வண்டி தயாரா என்று கேட்பார்கள். சாயங்காலம் ஆகும் என்பேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பாயின் மகள் பட்டறைக்கு வந்தாள். மதுரைக்குக் குடிபோகிறாளாம். ஏன் வருவதில்லை என்று கேட்டாள். மாடி ஏற முடியவில்லை என்றேன்.

"அத்தாகிட்ட சண்டை போட்டேன்ணே. கீழ ஒரு ரூமு அடைச்சுத் தாங்கன்னு. கேக்க மாட்டேங்குறாக."

"விடு பாப்பா."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் படிச்ச எடத்துல ஒரு புள்ள புதுசா சேந்திருக்காண்ணே. பொறந்ததுலருந்தே கை ரெண்டும் முறுக்கிக்கும். ஒங்களுக்கு எழுதுன புரோகிராம அவ மிஷின்ல போட்டுக் குடுத்துட்டு வந்தேன்."

"அடிக்கிறாளா?"

"அடிக்கிறாளாம். ஒங்களவிட அவளுக்குக் கை மெதுவு. அமுக்குற நேரத்த இன்னும் கூட்டி வச்சிருக்கேன்."

"என்ன அடிக்கிறா?"

அவள் யோசித்தாள். "அதக் கேக்கலயேண்ணே."

மச்சான் மனைவி டீ கொண்டுவந்தார். அவள் அந்த டம்ளரை வாங்கி, ஊதி ஆற்றி, என் வாயில் வைத்துப் பிடித்தாள். அவளுக்கு அது பழக்கமில்லை. கொஞ்சம் சட்டையில் வழிந்தது.